புரண்டு படுத்தால் தலைசுற்றல்: மாத்திரையால் தீராது

கேள்வி: வயது 58. படுக்கையில் வலப்பக்கம் புரண்டால் அறையே சுழல்கிறது. அரை நிமிடத்தில் நின்றுவிடும். கழுத்து எலும்பு தேய்மானம் என்று காலர் போட்டுவிட்டார்கள். மூன்று மாதமாக பீட்டாஹிஸ்டின் என்ற தலைசுற்றல் மாத்திரை சாப்பிட்டும் குணமில்லை. மூளை ஸ்கேன் எடுக்கவா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது காதில் வரும் கோளாறு, கழுத்தில் அல்ல. 58 வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பெரும்பாலோருக்குத் தேய்மானம் தெரியும். அதைக் காட்டி காலர், கழுத்தை இழுத்துக் கட்டும் டிராக்‌ஷன், பத்து நாள் கரண்ட் சிகிச்சை என்று பணம் கறப்பதுதான் நடக்கிறது.

உள்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து, தலையசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் விழுந்துவிடும். தலையைத் திருப்பும்போது அவை உருண்டு, குழாயிலுள்ள திரவத்தையும் இழுக்கும். தலை சுழல்வதாக மூளைக்குச் செய்தி போகும். துகளை எந்த மாத்திரையும் வெளியே தள்ளாது. தலைசுற்றலுக்குத் தரும் இன்னொரு மாத்திரையான புரோகுளோர்பெரசினை மாதக்கணக்கில் விழுங்கிய பெரியவர்களுக்குக் கை நடுக்கம்தான் மிச்சம்.

உங்களைப் படுக்க வைத்துக் கண்ணசைவைப் பார்த்தார்களா? ஒரு நிமிடச் சோதனை, செலவே இல்லை. அதைச் செய்யாமல் ஸ்கேனுக்குச் சீட்டு எழுதுகிறார்கள்!

அந்தச் சோதனையில் வலக்காது என்று உறுதியானால், தலையைத் திருப்பித் திருப்பியே துகளைக் குழாயிலிருந்து வெளியேற்றும் எப்லி முறை. அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்டது. கட்டிலில் கால் நீட்டி உட்காருங்கள். படுத்தால் தோளுக்கு அடியில் வரும்படி தலையணையை வையுங்கள். தலையை வலப்பக்கம் 45 பாகை திருப்பி, சட்டென மல்லாந்து படுங்கள். தலை சற்றே பின்னால் சரிந்திருக்க வேண்டும். சுற்றும், பயப்படாதீர்கள். சுற்றல் நின்ற பிறகும் 30 விநாடி அப்படியே இருங்கள். தலையைத் தூக்காமல் இடப்பக்கம் 90 பாகை திருப்பி இன்னொரு 30 விநாடி. பிறகு உடம்போடு இடப்பக்கம் புரண்டு, மூக்கு தரையைப் பார்க்க 30 விநாடி. மோவாயைத் தாழ்த்தியபடியே மெல்ல எழுந்து உட்காருங்கள். பலர் தலையணையைத் தலைக்கு வைக்கிறார்கள், அல்லது சுற்றல் அடங்குமுன் திரும்பிவிடுகிறார்கள். துகள் பாதியிலேயே நின்றுவிடும். முதல் தடவை பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்யுங்கள். பெரும்பாலும் ஓரிரு முறையிலேயே அடங்கும். பத்து 'சிட்டிங்'குக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஸ்கேன் எப்போது? அசையாமல் படுத்திருந்தும் சுற்றல் நிற்காவிட்டால், பேச்சு குழறினால், ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்தால், பிடிக்காமல் நிற்க முடியாவிட்டால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது இந்தப் பயிற்சி வேண்டாம். உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். சாதாரண சி.டி.யில் ஒன்றுமில்லை என்று அனுப்பினாலும் எம்.ஆர்.ஐ வேண்டுமா என்று கேளுங்கள். சிறுமூளையில் அடைப்பு இருந்தால் ஆரம்பத்தில் சி.டி.யில் தெரியாமல் போவதுண்டு.

இது திரும்ப வரக்கூடியதுதான். வந்தால் எந்தப் பக்கம் புரண்டபோது சுற்றியது என்று முதலில் கவனியுங்கள். இம்முறை இடக்காதாக இருக்கலாம், அப்படியானால் எல்லாத் திருப்பமும் எதிர்ப்பக்கம்.