மாவிலை முதல் காப்புக்கட்டு வரை: வாசகர் கேள்வி பதில்

புரட்டாசி தொடங்கித் தை வரை பண்டிகைகள் வரிசையாக வருகின்றன. கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்யக்கூடிய அலங்காரங்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் விடை அளிக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். வாசலில் ஆண்டு முழுவதும் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் தொங்குகிறது. அது நிறம் வெளுத்துத் தூசி படிந்து கிடக்கிறது. உண்மையான மாவிலை கட்டினால் நான்கே நாளில் காய்ந்துவிடும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, சென்னை

பதில்: மாவிலை காய்வது குறை அன்று, சகோதரி. பண்டிகைக்குக் கட்டிய தோரணம் காய்ந்ததும் அவிழ்த்துவிட்டு அடுத்த பண்டிகைக்குப் புதிதாகக் கட்டுவதால்தான் வாசலைப் பார்த்ததுமே இன்று நல்ல நாள் என்று தெரிகிறது. பன்னிரண்டு மாதமும் ஒரே தோரணம் தொங்கும் வாசலில் தீபாவளிக்கும் சாதாரண வெள்ளிக்கிழமைக்கும் வேறுபாடு இல்லாமல் போய்விடும். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. அந்தப் பட்டியலில் பிளாஸ்டிக் கொடிகளும் அடங்கும் என்பதை அறிந்தவர்கள்கூட, பிளாஸ்டிக் இலைகளை மட்டும் வாசலில் விட்டுவைத்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

மாவிலை சீக்கிரம் வாடாமல் இருக்க வேண்டுமானால் செம்பு நிறத் துளிரைப் பறிக்காமல், நன்கு முற்றிய கரும்பச்சை இலைகளாகப் பார்த்து எடுங்கள். துளிர் அன்று மாலையே துவண்டுவிடும். முற்றிய இலை பச்சை மங்கிய பிறகும் உருக்குலையாமல் நிற்கும். இலைகளைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, வாழைநாரையோ தேங்காய்நார்க் கயிற்றையோ சிறிது நேரம் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டு, இலையின் காம்புப் பகுதியைக் கயிற்றின் மேல் மடித்து ஈர்க்குத் துண்டால் குத்தி நிறுத்துங்கள். மூன்றடி அகல வாசலுக்கு, தொய்வுக்கும் முடிச்சுக்கும் சேர்த்து நாலரை அடிக் கயிறும் பதினோரு இலைகளும் போதும். சித்திரை முதல் நாளானால் இடையிடையே வேப்பங்கொத்தும், ஆயுத பூசையானால் துலுக்கச் சாமந்தியும் சேர்த்துக்கொள்ளலாம்.

நிலைத்து நிற்கும் தோரணம்தான் வேண்டும் என்றால் பழைய பருத்திப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாவிலையை அட்டையில் வைத்து வரைந்து வெட்டினால் அதுவே அளவு. அதைக் கொண்டு துணியை இரண்டிரண்டாக வெட்டி, உட்புறம் வெளியே இருக்கும்படி ஓரம் தைத்துத் திருப்பி, நடு நரம்பை வேறு நிற நூலால் ஓட்டுத்தையல் போட்டால் இலை தயாராகிவிடும். துவைத்து மடித்து வைத்து, நல்ல நாளுக்கு மட்டும் எடுத்துக் கட்டுங்கள்.

குருத்தோலைத் தோரணம் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். தென்னங்குருத்தை வெட்டினால் மரத்தின் வளர்ச்சி பாதிக்கப்படும் என்பதால், வீட்டு மரத்தில் கைவைக்காமல் பூச்சந்தையில் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். பின்னும் வரை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள்.

கேள்வி: இந்த ஆண்டு முதன்முதலாகக் கொலு வைக்கிறேன். வீடு சிறியது. தெர்மாகோல் இல்லாமல் மலை, பூங்கா எல்லாம் செய்ய முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகச் செய்யலாம், தெர்மாகோலை விட அழகாகவும் வரும். தெர்மாகோல் உடைந்து மணிமணியாகச் சிதறும், மக்காது, கொலுவின் முன் ஏற்றும் விளக்குக்கு அருகில் அது இருப்பது ஆபத்தும்கூட.

படிகளுக்கு வீட்டில் உள்ள இரும்புப் பெட்டிகளையும் முக்காலிகளையும் அடுக்கி வெள்ளை வேட்டி விரித்தால் போதும். படிகள் ஒற்றைப்படையில் இருப்பது வழக்கம். உங்கள் வீட்டுக்கு மூன்று படி நிறைவாக இருக்கும். மலைக்கும் மண்டபத்துக்கும் நம் பாட்டிமார் கூடை செய்யப் பயன்படுத்திய காகிதக்கூழே ஏற்றது. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஓரிரவு ஊறவைத்துப் பிழிந்து, தனியே ஊறிய வெந்தயத்துடன் சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிடித்து நிறுத்தும். அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது. கவிழ்த்து வைத்த பானையின் மேல் மெல்லிய துணி போட்டு, இந்தக் கூழை அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, மேடு பள்ளங்களை விரலாலேயே உருவாக்கி, நல்ல வெயிலில் முழுவதும் காயவிட்டு எடுத்தால் கனமில்லாத உறுதியான மலை கிடைக்கும். புரட்டாசியில் மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே ஆவணிக் கடைசியிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. காவிப் பொடியும் மஞ்சள் தூளும் கலந்து பூசினால் மண்ணுக்குரிய நிறம் வந்துவிடும். கொலு முடிந்ததும் பொம்மைகளோடு கட்டி வைக்கலாம். பல ஆண்டுகள் உழைக்கும்.

பூங்காவுக்குப் பச்சைக் காகிதம் வேண்டாம், விதை தெளியுங்கள். விளிம்புள்ள தாம்பாளத்தில் ஒன்றரை அங்குல உயரத்துக்கு மண்ணும் தென்னைநார்க் கழிவும் கலந்து பரப்பி, ஓரிரவு ஊறிய கேழ்வரகை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லியதாக மண் போட்டு, ஈரத் துணியால் மூடி வையுங்கள். முளை கண்டதும் துணியை எடுத்துவிட்டு வெளிச்சத்தில் வைக்க வேண்டும். இருட்டிலேயே விட்டால் முளைப்பாரிக்குப் போல வெளிர்மஞ்சளாக நீண்டு வளரும். பூங்காவுக்கு வேண்டிய பசுமை வராது. தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளியுங்கள். கேழ்வரகு மெல்லிய புல்லைப் போலவும், கடுகும் வெந்தயமும் சிறு செடிகளைப் போலவும் நிற்பதால், புல்தரைக்கு முன்னதையும் ஓரப் புதர்களுக்குப் பின்னவற்றையும் விதைக்கலாம். கொலுவுக்கு ஒரு வாரம் முன்பு விதைத்தால் முதல் நாளன்று பார்க்க நன்றாக இருக்கும். குளத்துக்கு ஒரு பித்தளைத் தட்டில் தண்ணீர் வைத்தால் போதும். பிள்ளைகளிடம் தினமும் தண்ணீர் தெளிக்கும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்; ஒன்பது நாளும் கொலுவை விட்டு நகர மாட்டார்கள்.

கேள்வி: கார்த்திகைக்கு அகல் விளக்குகளில் வண்ணம் தீட்டலாமா? புதிய அகலில் எண்ணெய் கசிந்து தரையெல்லாம் கறையாகிறதே, அதற்கு வழி உண்டா?
– வாசகர், வேலூர்

பதில்: கசிவுக்கு வழி எளியது. புதிய அகல்களை முதல் நாள் இரவே தண்ணீரில் மூழ்க வைத்து, காலையில் எடுத்துத் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். சுட்ட மண்ணின் நுண்துளைகள் தண்ணீரைக் குடித்துவிடுவதால் எண்ணெயை அவ்வளவாக உறிஞ்சா. அதற்கு மேலும் கசிந்தால் தரை கெடாமலிருக்க, ஒவ்வோர் அகலின் அடியிலும் வாழையிலைத் துண்டோ மணல் பரப்பிய சிறு தட்டோ வைத்துவிடுங்கள்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, வெளிப்புறத்தில் காவியும் சுண்ணாம்பும் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை. காவிப் பட்டை அடித்து, அது உலர்ந்ததும் ஈர்க்கு நுனியால் சுண்ணாம்புப் புள்ளிகள் வைத்தால், கோயில் மதிற்சுவரின் அழகு அந்தச் சிறு அகலுக்கும் வந்துவிடும். எண்ணெய் நிற்கும் உட்புறத்திலும் திரி எரியும் மூக்கிலும் எனாமல் பெயிண்ட் படவே கூடாது. சூட்டில் கருகிப் புகையும் நாற்றமும் வரும். காகித, ஓலை அலங்காரங்கள் தொங்கும் இடத்துக்குக் கீழே விளக்கு வைக்காதீர்கள். நாட்டுப்புறத்தில் உறவினர் இருந்தால், பனம்பூவைச் சுட்ட கரியைத் துணியில் கட்டிச் சுற்றும் மாவளியைப் பிள்ளைகளுக்கு ஒருமுறையாவது காட்டுங்கள். அந்தத் தீப்பொறி வட்டத்துக்கு எந்த மத்தாப்பும் ஈடாகாது.

கேள்வி: மார்கழியில் கோலம் போட ஆசை. ஆனால் எங்கள் வாசல் வழவழப்பான டைல்ஸ் தரை. பொடி நிற்கவில்லை. ஸ்டிக்கர் கோலம் ஒட்டலாமா?
– வாசகி, ஓசூர்

பதில்: வேண்டாம். தினம் அழித்துத் தினம் போடுவதுதான் மார்கழிக் கோலத்தின் அழகு. உங்கள் தரைக்கு மாக்கோலம் பொருந்தும். பச்சரிசியை இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, நைய அரைத்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளுங்கள். சிறு துணியை அதில் தோய்த்து மூன்று விரல்களுக்குள் அடக்கி, லேசாக அழுத்தினால் மோதிர விரல் வழியாக மாவு இழையாக இறங்கும். போடும்போது தெளிவில்லாததுபோல் தோன்றினாலும் உலர்ந்த பிறகு வெண்மை எழும். சுற்றிலும் கரைத்த காவியால் கரை கட்டுங்கள். கடையில் கிடைக்கும் கோலப்பொடியில் பெரும்பாலானவை கல்மாவு. அரிசி மாவுக் கோலமானால் எறும்புக்கும் உணவாகும். பொது நடைபாதையில் எறும்பு மொய்ப்பதை அண்டை வீட்டார் விரும்பாவிட்டால், கோலத்தைச் சிறியதாகப் போட்டு அன்று மாலையே ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

பூசணிப்பூ கிடைத்தால் சாண உருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவில் வையுங்கள். அந்த உருண்டைகளைப் பூவோடு தட்டிக் காயவைத்துச் சேர்த்து, திருநெல்வேலிப் பக்கத்தில் சிறுவீட்டுப் பொங்கலன்று ஆற்றில் விடுவார்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்குக் கடையில் பிளாஸ்டிக் நட்சத்திரம் வாங்கி அலுத்துவிட்டது. சிறு வயதில் எங்கள் ஊரில் மூங்கிலில் கட்டுவார்கள். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர விரும்புகிறேன். அளவும் முறையும் தெரிவிப்பீர்களா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இந்தக் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இரண்டடி நீளமும் கால் அங்குல அகலமும் உள்ள மூங்கில் சிம்புகள் பத்தும், ஐந்தாறு அங்குலத் துண்டுகள் ஐந்தும் தேவை. சிம்பு காய்ந்திருந்தால் வளைக்கும்போது ஒடியும். அரை நாள் தண்ணீரில் போட்டு வையுங்கள். ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்த பிறகே பிள்ளைகள் கையில் கொடுங்கள். மூங்கில் சிலாம்பு ஏறினால் எடுப்பது கடினம்.

ஐந்து சிம்புகளைக் கொண்டு, கையெடுக்காமல் வரையும் ஐந்துமுனை நட்சத்திரத்தைத் தரையில் அமையுங்கள். குறுக்கிடும் இடங்களில் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று மாற்றி மாற்றிச் செருகினால் கட்டாமலேயே ஓரளவு நிற்கும். முனைகள் ஐந்தையும் நூலால் இறுகக் கட்டுங்கள். இதேபோல் மற்றொன்று செய்து, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு உட்புறத்தில் சிம்புகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் சிறு துண்டுகளைச் செங்குத்தாக நுழைத்து இரு சட்டங்களையும் பிரித்து நிறுத்தினால், நடுவில் பருத்து முனையில் கூர்மையாகும் வடிவம் எழும்பிவிடும். பிள்ளைகள் வியந்து பார்க்கும் கட்டம் இதுதான். அந்தத் துண்டுகளை அவர்களே நுழைக்கட்டும்.

ஒட்டுவதற்குப் பட்டத்தாள் சிறந்தது. மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் கிளறிய பசை போதும். முன்பக்கத்துக்கு ஒரு தாள், பின்பக்கத்துக்கு ஒரு தாள், பக்கவாட்டு இடைவெளிகளுக்கு நீண்ட முக்கோணங்கள் பத்து என்று வெட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கத்தில் கை நுழையும் அளவு திறப்பு விட்டு, குறைந்த வாட் எல்.இ.டி. பல்பைத் தாளில் படாதபடி நடுவில் தொங்கவிடுங்கள். பழைய இழை பல்பு சூடேறும்; காகித நட்சத்திரத்துக்குள் அதை வைக்கவே கூடாது. உங்கள் பகுதியில் டிசம்பரிலும் மழை உண்டு. ஆகவே நட்சத்திரத்தைத் தாழ்வாரத்துக்கு உட்புறமாகக் கட்டி, மின்கம்பி இணைப்பைப் பெரியவர்களே செய்யுங்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்ததும் தாளைக் கிழித்துவிட்டுச் சட்டத்தை மட்டும் பரணில் வைத்தால், மறு ஆண்டு தாள் ஒட்டும் வேலைதான் இருக்கும்.

கேள்வி: பொங்கலுக்குக் கட்டிய காப்பை எப்போது அவிழ்க்க வேண்டும்? நகரத்தில் பூளைப்பூ எங்கே கிடைக்கும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போகியன்று கட்டும் காப்பை அடுத்த ஆண்டு புதுக்காப்புக் கட்டும்போது அகற்றுவது கொங்குப் பகுதியில் பல வீடுகளின் வழக்கம். வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்ந்த கொத்தைக் கூரை முகப்பில் செருகிவிட்டால், பச்சை போனாலும் பூளையின் வெண்மை நெடுநாள் நிற்கும். போகிக்கு முன்தினமே உழவர் சந்தை வாசல்களிலும் பூக்கடைகளிலும் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஊர்ப்புறத்தில் நீங்களே பறிப்பதானால் செடியை வேரோடு பிடுங்காமல் கிளை நுனியை மட்டும் கிள்ளுங்கள். விதை உதிர்ந்து அடுத்த மார்கழிக்கு அதே வரப்பில் மீண்டும் பூத்திருக்கும்.