பகடையும் படையணியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: மாசிடோனியருக்கும் ரோமானியருக்கும் இடையே நடந்த போர்களைச் சிறு பொம்மை வீரர்களைக் கொண்டு மேசைமேல் ஆடுவதற்கு நானும் நண்பர்களும் விதிகள் எழுதிவருகிறோம். இரு பக்கத்தாரும் ஆளுக்கொரு பகடையை உருட்டி, தத்தம் அணியின் வலிமை எண்ணான 4ஐக் கூட்ட வேண்டும். குறைவான தொகை பெற்ற அணி பின்வாங்கும். வென்றவரின் தொகை இரு மடங்கோ அதற்கு மேலோ ஆனால் தோற்ற அணி அழியும். பத்துச் சோதனை ஆட்டங்களில் ஏழில் மாசிடோனியர் வென்றுவிட்டார்கள். ரோமானியரின் எண்ணை 5 ஆக்கிவிடலாமா?

பதில்: ஆக்க வேண்டாம் என்றே சொல்வேன். முற்றிலும் சமபலம் உள்ள இருவர் பத்து ஆட்டங்கள் ஆடினாலும், அவர்களில் யாரேனும் ஒருவர் ஏழோ அதற்கு மேலோ வெல்வதற்கு ஏறத்தாழ 34 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஆகவே உங்கள் ஏழு வெற்றிகள் விதியின் குறையைக் காட்டுகின்றனவா, பகடையின் போக்கைக் காட்டுகின்றனவா என்று இப்போதைக்குப் பிரித்தறிய முடியாது.

முழு ஆட்டங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஓர் அணியும் ஓர் அணியும் மோதும் ஒற்றை மோதலைத் தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு பகடைகளுக்கு 36 விளைவுகள்தான். 4க்கு 4 என்றால் ஒவ்வொரு பக்கமும் 15 விளைவுகளில் வெல்லும், 6 சமனாகும். எதிரணியை அழிப்பதோ, ஒருவருக்கு 6உம் மற்றவருக்கு 1உம் விழும் ஒரே ஒரு விளைவில்தான். ரோமானியருக்கு 5 கொடுத்தால் அவர்கள் 21 விளைவுகளில் வெல்வார்கள், 10இல் மட்டுமே தோற்பார்கள். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நேர்கிறது: மாசிடோனியரின் உச்சத் தொகை 10, ரோமானியரின் மிகக் குறைந்த தொகை 6 என்பதால், நேருக்கு நேர் மோதலில் ரோமானிய அணியை யாராலும் அழிக்கவே முடியாது. ஓர் எண்தானே என்று கூட்டியது அந்த அணியைச் சாகாவரம் பெற்றதாக்கிவிடுகிறது.

வரலாறோ இதற்கு நேர்மாறானது. மாசிடோனியரின் சரிசா எனப்படும் நீள ஈட்டி 14 முழம் இருந்தது என்றும், முதல் ஐந்து வரிசைகளின் ஈட்டி முனைகள் அணிக்கு முன்னே நீண்டிருந்ததால் ஒவ்வொரு ரோமானிய வீரனும் பத்து முனைகளை எதிர்கொள்ள வேண்டியிருந்தது என்றும் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் எழுதுகிறார். கி.மு. 197இல் கிரேக்கத்தின் கினோசெஃபாலே குன்றுகளில் மாசிடோனிய மன்னர் ஐந்தாம் ஃபிலிப்பின் வலப்பக்கப் படை ரோமானியரின் இடப்பக்கத்தைச் சரிவில் தள்ளிக்கொண்டு இறங்கியது உண்மை. ஆனால் அவருடைய இடப்பக்கம் அணிவகுத்து முடியுமுன்பே சிதறியது. அதைத் துரத்திய ரோமானியரில் ஒரு படைத்தலைவர் இருபது சிற்றணிகளைத் திருப்பி, வென்றுகொண்டிருந்த மாசிடோனியரின் முதுகில் பாய்ந்தார். திரும்பி நின்று போரிட இயலாத ஈட்டி வீரர்கள் நின்ற இடத்திலேயே வெட்டப்பட்டார்கள். மாசிடோனியரில் சுமார் 8,000 பேரும் ரோமானியரில் சுமார் 700 பேரும் மாண்டதாக பாலிபியஸ் தரும் கணக்கு, அந்தப் போரில் உயிர்ச்சேதம் எங்கே நிகழ்ந்தது என்பதைத் தெளிவாகவே காட்டுகிறது.

எனவே முன்பக்க மோதலை 4க்கு 4 என்றே விட்டுவிட்டு, பக்கவாட்டிலோ பின்னாலோ எதிரி நிற்கும்போது ஈட்டி அணியின் எண்ணில் 2ஐக் குறைத்துப் பாருங்கள். 2க்கு 4 என்ற நிலையில் ரோமானியர் எதிரணியை அழிக்கும் விளைவுகள் 1இலிருந்து 9 ஆக உயர்கின்றன, அதாவது நான்கில் ஒரு பங்கு. முன்னால் தள்ளுமுள்ளு, பின்னால் பேரழிவு என்ற பழங்காலப் போரின் இயல்பு இப்படித்தான் மேசைக்கு வரும். மேடுபள்ளத்தில் ஈட்டி வரிசை குலைவதற்கான விதியையும் பிறகு சேர்க்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்தால் எந்த மாற்றம் எதைச் செய்தது என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

கேள்வி: நாங்கள் நால்வர் மட்டுமே ஆடிப் பார்க்கிறோம். அது போதுமா?

பதில்: கணக்கைச் சரிபார்க்கப் போதும், விதியின் சொற்களைச் சரிபார்க்கப் போதாது. எழுதியவர் மேசையருகே இருந்தால் தாளில் இல்லாததை வாயால் நிரப்பிவிடுவார். விளையாட்டைப் பார்த்தே இராத இருவரிடம் தாளைக் கொடுத்து, அவர்கள் கேட்கும் எதற்கும் பதில் சொல்லாமல், எந்த வரியில் தயங்கினார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ‘பக்கவாட்டு’ என்ற சொல்லிலேயே அவர்கள் தடுக்கி நிற்பார்கள் என்று நினைக்கிறேன்: அணியின் மூலையைத் தொட்டால் போதுமா, முழு விளிம்பும் ஒட்ட வேண்டுமா? முதல் பதிலில் சொன்ன 2 புள்ளிக் குறைப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லைச் சார்ந்திருப்பதால், அதற்கு ஒரு படம் வரைந்து விதித்தாளில் சேர்த்துவிடுங்கள்.