முதலில் மேகசினைக் கழற்று: ஆர்மரர் அண்ணனிடம் கேள்வி பதில்

22 வருடம் மலேசியப் பட்டாளத்தில் ஆர்மரர் வேலை, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் வேலை, பார்த்தவன் நான். எஸ்.எல்.ஆர். ரைஃபிளில் தொழில் படித்து, எம்-16 ரைஃபிளில் நரை கண்டு, ஸ்டெயர் ரைஃபிளோடு ஓய்வு வாங்கினேன். இப்போது பிறையில் வீட்டோடு இருக்கிறேன். கேட்டவர்களின் பெயர் வேண்டாம், ஊர் போதும்.

எதற்கும் முன்னால் ஒன்று. மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்று. பிறகு போல்ட்டை (பீப்பாயின் பின்பக்கத்தை அடைக்கும் இரும்பை) இழு. சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறைக்குள்) கண்ணால் பார், சுண்டு விரலை விட்டுத் தடவியும் பார். வரிசை மாறினால், மேகசினில் இருக்கும் தோட்டாவை நீயே சேம்பருக்குள் ஏற்றிவிடுவாய்.

செந்தூல்: அண்ணே, கிளப்பில் எனக்குத் தரும் ரைஃபிள் பத்துத் தோட்டாவுக்கு ஒரு தரம் சிக்குகிறது. பீப்பாயை வெள்ளி மாதிரி துடைத்துவிட்டேன். இன்னும் ஏன்?

பீப்பாயில் என்ன இருக்கிறது தம்பி? குறி தவறினால் பீப்பாயைக் கேள். சிக்கினால் மேகசின், சேம்பர், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் நகமான எக்ஸ்ட்ராக்டர், மூன்றையும் கேள்.

மேகசினில் தொடங்கு. வாயின் இரண்டு உதடுகளும் ஒரு மயிரளவு வளைந்தாலும் தோட்டா தலை தூக்கியோ குனிந்தோ வரும். எல்லா மேகசினுக்கும் பெயின்ட்டால் நம்பர் போடு. சிக்கும்போதெல்லாம் எந்த நம்பர் என்று எழுதி வை. ஒரு முறை ஒரே ரைஃபிள் மூன்று தடவை ‘கெட்டது’ என்று என் மேசைக்கு வந்தது. மூன்று தடவையும் பிரித்துப் பூட்டினேன், ஒரு குறையும் இல்லை. நாலாம் தடவை பையனிடம் மேகசினையும் கொண்டு வரச் சொன்னேன். உள்ளே ஸ்பிரிங் தலைகீழாக மாட்டியிருந்தது.

அடுத்தது சேம்பர். சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து சுவரை ஒட்டும், உடனே சுருங்கி விலகும். அங்கே கரியோ துருவோ இருந்தால் விலகாது. எக்ஸ்ட்ராக்டர் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வரும், கூடு உள்ளேயே நிற்கும். வியட்நாமில் எம்-16 பெயர் கெட்டதற்கு இது பெரிய காரணம். வெடிமருந்தை மாற்றினார்கள், சேம்பருக்குக் குரோம் பூசவில்லை, பையன்களுக்குத் துடைக்கும் சாமான் சரியாகப் போய்ச் சேரவில்லை. 1967இல் வந்த எம்-16ஏ1 சேம்பரில் குரோம் உண்டு. சேம்பருக்கென்று தனிப் பிரஷ் இருக்கிறது. பீப்பாய்ப் பிரஷ் அங்கே சும்மா சுற்றும்.

கடைசியாக எக்ஸ்ட்ராக்டர். நகத்தின் அடியில் கரி கல்லாகப் பிடிக்கும். பல்குத்தியால் சுரண்டு. அதற்குப் பிறகும் தளர்ந்திருந்தால் ஸ்பிரிங் மாற்ற வேண்டும், அது கிளப் ஆர்மரர் வேலை.

பட்டர்வொர்த்: எண்ணெய் எவ்வளவு விடவேண்டும்?

எந்தத் துப்பாக்கி என்று சொல்லாமல் கேட்கிறீர்கள். எஸ்.எல்.ஆரில் வெடியின் கேஸ் (வாயு) தனி பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பிஸ்டனும் சிலிண்டரும் காய்ந்தே இருக்கவேண்டும், எண்ணெய் விட்டால் சூட்டில் வெந்து கோந்தாகிவிடும். எம்-16இல் கேஸ் குழாய் வழியாக நேரே போல்ட்டைச் சுமக்கும் கேரியருக்குள்ளேயே வருகிறது, கரியும் அங்கேதான் விழும். அது ஈரமாக இருந்தால் ஓடும், காய்ந்தால் முரண்டும். எஸ்.எல்.ஆர். ஆசாமி எம்-16ஐக் காயவைத்து ஓட்டுவதும், எம்-16 பழகியவன் எஸ்.எல்.ஆர். பிஸ்டனுக்கு எண்ணெய் ஊற்றுவதும் நான் இரண்டு முகாமில் பார்த்த கூத்து.

எஸ்.எல்.ஆர். என்றதும் கேஸைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைச் சொல்லாமல் விட முடியவில்லை. முழுக்கத் திறந்துவிட்டால் கேஸ் வெளியே போய்விடும், போல்ட் பாதி தூரம் போய்த் திரும்பும். ஒரு கிளிக் மூடு, சுடு. மறுபடி ஒரு கிளிக், சுடு. போல்ட் முழுத் தூரம் பின்னால் போய்க் கூடு ஒழுங்காக விழும் இடம் வந்ததும் மேலே இரண்டு கிளிக். அந்த இரண்டும் மழைக்கும் மண்ணுக்கும் வைத்த சேமிப்பு. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இறுக்க மூடினால் ஒவ்வொரு வெடிக்கும் உள்ளே சுத்தியலடிதான்.

எம்-16க்காரர்களுக்கு ஒரு சோதனை. கேரியரிலிருந்து கழற்றாமல் போல்ட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டு, போல்ட் முகம் கீழே இருக்கும்படி கேரியரை மேசையில் நிறுத்து. நின்றால் போல்ட்டில் கேஸ் கசியாமல் அடைக்கும் மூன்று வளையமும் நலம். தன் எடைக்கே சரிந்தால் வளையத்தை மாற்று.

கிள்ளான்: டபிள்யூடி-40 ஸ்பிரே போதுமா?

போதாது. அது ஈரத்தை விரட்டச் செய்தது, பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் அதற்குத்தான். மழையில் நனைந்தால் அடி, துடை, அப்புறம் சினாப்பாங் (துப்பாக்கி) எண்ணெய் விடு.

கெப்போங்: தாத்தா துப்பாக்கிக்குக் கொதிநீர் ஊற்றுவாராம். உண்மையா?

உண்மை, தாத்தா விவரமானவர். அந்தக் காலத் தோட்டாவின் கேப்பில், அதாவது அடியில் தீப்பொறி தரும் மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது ஒருவகை உப்பாகிப் பீப்பாயில் படியும், காற்றின் ஈரத்தை இழுக்கும். அந்த உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். கொதிநீர் என்றால் இரும்பு சூடேறிச் சட்டென்று காயவும் செய்யும். இப்போதைய தோட்டாவுக்குத் தேவையில்லை.

சுங்கை பட்டாணி: தேங்காய் எண்ணெய்?

24 டிகிரியில் உறையும். ஏர்கான் போட்ட அறையில் உங்கள் போல்ட் நெய்ச்சோறு.

பிரிக்ஃபீல்ட்ஸ்: வீட்டில் வைக்க லைசென்ஸ் எப்படி எடுப்பது?

போலீஸ் நிலையத்தில் கேளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1971ஆம் வருடச் சட்டத்தில் 14 வருடம் வரை சிறை, 6க்குக் குறையாத பிரம்படி. அதைத் துடைக்க நான் வழி சொல்ல மாட்டேன்.

ஷா ஆலம்: ஜெல் பிளாஸ்டர் பொம்மைத் துப்பாக்கி...

போலி ஆயுதத்துக்கும் சட்டம் உண்டு. அடுத்தவர்.

பூச்சோங்: டபிள்யூடி-40 பற்றி...

மேலே கிள்ளான்.

ஜெலுத்தோங்: ஆயுத பூஜைக்குத் துப்பாக்கியில் சந்தனம் குங்குமம் வைக்கலாமா ஐயா? எஸ்டேட்டில் பன்றி விரட்டும் லைசென்ஸ் துப்பாக்கி.

இரும்பில் வேண்டாம். சந்தனம் என்பது தண்ணீரில் குழைத்த தூள். குங்குமம் மணல் மாதிரி, கூடு வெளியேறும் வாய்க்குள் போனால் எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும். ஆயுத பூஜை வருவதும் பினாங்கில் மழை கொட்டும் மாதத்தில்.

தைப்பிங், ஓய்வு பெற்ற சார்ஜன்: தம்பி, 20 வருடம் நாங்கள் பொட்டு வைத்தோம். ஒரு துப்பாக்கியும் சாகவில்லை. சாமி காரியத்தில் எண்ணெய்க் கணக்குப் பார்க்காதே.

சார்ஜன் அண்ணே, நீங்கள் பொட்டு வைத்தீர்கள், மறுநாள் காலையில் அதைத் துடைத்தது யார்? ஆர்மரர் அறையில் நாங்கள்! சாமியைக் குறை சொல்லவில்லை. என் டூல் பெட்டிக்கு இன்றைக்கும் பொட்டு உண்டு, எலுமிச்சை உண்டு.

தைப்பிங்: டூல் பெட்டியும் இரும்புதானே?

பெயின்ட் அடித்த இரும்பு.

கிள்ளான், கிளப்பில் சுடும் தங்கச்சி: நாங்கள் வாழை இலையில் பொட்டு வைத்து அதன் மேல் ரைஃபிளைக் கிடத்துவோம் அண்ணே. சரியா?

தங்கச்சிக்கு அறிவு இருக்கிறது. இலையின் ஈரத்தை மட்டும் துடைத்துவிட்டுக் கிடத்துங்கள். மேகசின் கழற்றியபின்.

தைப்பிங்: இலைக்குப் பொட்டு வைத்தால் அது இலை பூஜை.

துப்பாக்கியின் மரக்கட்டையில் வையுங்கள் அண்ணே. ஸ்டெயர் என்றால் பிளாஸ்டிக், உடம்பெல்லாம் வையுங்கள். எங்கே வைக்கிறீர்கள் என்று சாமி அளந்து பார்க்கவா போகிறது?

பாயான் லெப்பாஸ்: .22 ரைஃபிளை ஒவ்வொரு தடவையும் துடைக்க வேண்டுமா?

பீப்பாயை அடிக்கடி நோண்டாதே. ஈயமும் மெழுகும் போல்ட் முகத்தில்தான் சேரும், அங்கே துடை. புல்-துரூவோ (துணி கட்டி இழுக்கும் கயிறு) கம்பியோ சேம்பர் பக்கமிருந்து விடு. முனையிலிருந்து குத்தினால் முனை தேயும், குறி போகும்.

செராஸ்: பையில் போட்டு அலமாரியில் வைத்தால் போதுமா?

துணிப்பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பை வழிக்கு மட்டும். பெட்டியில் சிலிக்கா ஜெல் போடு, மாதம் ஒரு தரம் தொட்டுப் பார்.

டாமன்சாரா: டபிள்யூடி...

இல்லை.

தைப்பிங்: தம்பி, பூஜை பேச்சு இல்லை, வேறு விஷயம். மச்சானின் ஷாட்கன்னில் ரிசீவர் (போல்ட் இருக்கும் நடு உடல்) மேல் காசு அளவுக்கு வட்டமாகத் துரு. அதை எப்படி எடுப்பது?

மச்சானுடையதா அண்ணே? சரி. எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். நாலு சைபர் (0000) என்ற மிக மெல்லிய ஸ்டீல் வுல்லால் எண்ணெயோடு மெதுவாகத் தேய்த்தால் துரு போகும், நீலப் பூச்சு நிற்கும். மேகசின் குழாயில் தோட்டா இல்லை என்று விரலை விட்டுப் பார்த்த பிறகு.