ஆர்.சி.யில் யார் பெயர்? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை பைக், ஸ்கூட்டர் கேள்விகளாகவே வந்து குவிந்திருக்கின்றன. பாதிக்கு மேல் 'போலீஸ் பிடித்தால் எவ்வளவு?' ரகம். வாகன விபத்து சர்வேயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், அபராதத்தைவிடப் பெரிய தொகை மாட்டியிருக்கும் கடிதங்களை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்கூட்டர் என் கணவர் பெயரில் இருக்கிறது. தினமும் ஓட்டுவது நான். பின்னால் மகளை உட்காரவைத்துப் பள்ளியில் விட்டுவிட்டு ஆபீஸ் போவேன். தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் இருக்கிறது. போதுமா?

சட்டத்துக்குப் போதும். உங்கள் இருவருக்கும் போதாது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு கேட்பது தேர்டு பார்ட்டி காப்பீட்டைத்தான். உங்கள் வண்டி மோதி ரோட்டில் போகிறவருக்கு ஏதாவது ஆனால் கம்பெனி கொடுக்கும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு கிடையாது. விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் சொல்வதுதான் தொகை. அவருடைய பொருள் சேதத்துக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய் எல்லை. 2022 ஜூனில் அமலுக்கு வந்த கட்டணப்படி, 75 முதல் 150 சி.சி. வரையிலான வண்டிக்கு ஆண்டுக்கு 714 ரூபாய், வரி தனி. இவ்வளவு பெரிய பொறுப்புக்கு இது மிக மலிவு.

ஆனால் பின்னால் இருக்கும் மகள் இந்தக் கணக்கில் வரமாட்டாள். மணலில் சறுக்கி நீங்களாகவே விழுந்தால், தேர்டு பார்ட்டி பாலிசியில் அவளுக்காகக் கேட்க முடியாது. திலக் சிங் வழக்கில் 2006-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. வேறு வண்டி வந்து மோதினால் அதன் காப்பீட்டில் கேட்கலாம், அது தனிக்கதை.

அப்புறம் நீங்கள். பாலிசித் தாளில் பிரீமியக் கணக்கு உள்ள கட்டத்தைப் பாருங்கள். 'பி.ஏ. கவர், ஓனர் டிரைவர்' (தனிநபர் விபத்துக் காப்பீடு) என்று ஒரு வரியும் எதிரே 15,00,000 என்றும் இருக்கும். ஓட்டுகிறவருக்கு 15 லட்சம் கிடைக்கும் என்று பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தப் பணம் ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், பெயர் உள்ளவருக்குத்தான். அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அந்த ஆள் கணவர். ரோட்டில் இருப்பதோ நீங்கள்!

அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஃபுல் கவர், அதாவது உங்கள் வண்டிச் சேதத்தையும் சேர்த்துக்கொள்ளும் பாலிசி, போடுங்கள். அதில் பின்னால் இருப்பவருக்கான பொறுப்பும் அடங்கும் என்று 2009-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ. எல்லா நிறுவனங்களுக்கும் தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்களுக்கு, உங்கள் பெயரிலேயே தனிநபர் விபத்துக் காப்பீடு எடுங்கள். அல்லது வண்டியை உங்கள் பெயருக்கே மாற்றிவிடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் ஒழுங்கு.

பழைய பைக்கை ஒரு புரோக்கரிடம் விற்று, பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். இப்போது யாரோ செய்த விபத்துக்கு எனக்குத் தீர்ப்பாயத்திலிருந்து சம்மன் வந்திருக்கிறது. விற்ற வண்டிக்கு நான் எப்படிப் பொறுப்பு?

ஆர்.டி.ஓ. பதிவேட்டில் இன்னும் உங்கள் பெயர் இருந்தால், சட்டத்தின் கண்ணில் நீங்கள்தான் உரிமையாளர். பல கை மாறிய ஒரு கார் பற்றிய நவீன் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய வேண்டியதில்லை, பதிவில் உள்ளவரே பதில் சொல்லட்டும் என்பது அதன் சாரம். கேட்கக் கசப்பாக இருக்கும். அடிபட்டவர் இடத்தில் இருந்து பார்த்தால் நியாயமாகவும் இருக்கும்.

சம்மனை ஒதுக்கிவைக்காதீர்கள். நீங்கள் போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். விபத்து நடந்த அன்று அந்த வண்டிக்குக் காப்பீடு இருந்ததா என்று முதலில் பாருங்கள். இருந்திருந்தால் பெரும்பாரம் கம்பெனி மேல் போகும். இல்லையென்றால்தான் சிக்கல். பணம் வந்த வங்கிக் கணக்கு வரி, டெலிவரி நோட்டு, வாங்கியவரின் அடையாள நகல் எல்லாவற்றையும் வக்கீலிடம் கொடுங்கள். வாங்கியவரையும் வழக்கில் சேர்க்கச் சொல்லலாம்.

விற்கப் போகிறவர்களுக்கு: ஒரே மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்கள் தெரிவிக்க வேண்டும். காப்பீட்டைத் தன் பெயருக்கு மாற்ற வாங்குகிறவருக்கும் அதே 14 நாள்தான். "நான் பார்த்துக்கிறேன் சார்" என்று சொல்லாத புரோக்கரை நான் கண்டதில்லை. அந்தப் பேச்சை நம்பி வெற்று ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பெயர் மாறியதா என்று அரசின் எம்-பரிவாகன் செயலியில் நீங்களே பாருங்கள்.

பிளஸ் டூ படிக்கும் மகனுக்கு 17 வயது. டியூஷனுக்கு மட்டும் என் 110 சி.சி. வண்டியை எடுத்துப் போகிறான்.

டியூஷனுக்கென்று தனிச் சட்டம் இல்லை. 16 வயதில் கிடைக்கிற லைசென்ஸ் 50 சி.சி. வரைக்கும்தான். 2019 திருத்தத்தின்படி, சிறுவன் ஓட்டினால் பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்து. 25 வயது வரை பையனுக்கு லைசென்ஸ் கிடையாது. அவன் யார் மேலாவது மோதினால், கம்பெனி அவருக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தை உங்களிடம் வசூலிக்கும். ஸ்வரண் சிங் வழக்கு (2004) முதல் தீர்ப்பாயங்கள் போகிற வழி இது. சாவியை எங்கே வைக்கிறீர்கள் என்பது என் துறை இல்லை.

இன்ஷூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகிறது. மறந்துவிட்டேன்.

இன்றே போடுங்கள். முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 90 நாள் தாண்டிவிட்டதால் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) போயிற்று. ஃபுல் கவர் கேட்டால் வண்டியை நேரில் பார்த்தோ வீடியோ வாங்கியோதான் தருவார்கள். பாலிசியில் தேதியோடு மணியும் அச்சாகியிருக்கும். காலையில் இடித்துவிட்டு மதியம் பாலிசி எடுக்கிற யோசனையெல்லாம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

போனில் ஆர்.சி. போட்டோ இருந்தால் போதுமா?

கேலரியில் உள்ள போட்டோ போதாது. டிஜிலாக்கரிலோ எம்-பரிவாகனிலோ திறந்து காட்டினால் அசலுக்குச் சமம்.

மூன்று வயதுக் குழந்தைக்கும் ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். நான்கு வயதுக்குள் என்றால் ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது விதி. குழந்தை அளவு ஹெல்மெட் தனியாகக் கிடைக்கிறது, பெரியவர்களுடையதை மாட்டிவிடாதீர்கள்.