பரணில் தாத்தா துப்பாக்கி: அண்ணனோடு சண்டை வேண்டாம்

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டுப் பரணில் தாத்தாவின் துப்பாக்கி இருக்கிறது. குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் வகை. தகட்டில் கிரீடமும் ‘டவர்’ என்ற எழுத்தும் உள்ளன. திப்பு காலத்தது என்பார்கள். தாத்தா இறந்தபின் லைசென்ஸை யாரும் மாற்றவில்லை. அம்மாவைக் கடைசிவரை நான்தான் பார்த்தேன். எட்டிப் பார்க்காத அண்ணன் இப்போது பாதி கேட்கிறார், தராவிட்டால் போலீஸுக்குச் சொல்வாராம். பெங்களூரில் ஒருவர் சுத்தம் செய்து விலை மதிப்பிட்டுத் தருகிறேன் என்கிறார். கொண்டுபோகலாமா?

பதில்: தொடவே தொடாதீர்கள்.

அம்மாவை யார் பார்த்தார்கள் என்பது இங்கே பேச்சே இல்லை. திப்பு கதையையும் விடுங்கள். கிரீடமும் டவரும் வெள்ளைக்காரன் துப்பாக்கியில் வரும் முத்திரை. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செய்ததென்றால் புலி வரியும் பாரசீக எழுத்தும் இருக்கும். 2023-ல் லண்டனில் திப்புவின் வாள் 1.4 கோடி பவுண்டுக்குப் போனதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

கேள்வி ஒன்றுதான்: ரிப்பேர் செய்தால் அது சுடுமா? பழம்பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று பாதியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 45 விலக்குத் தருவது ரிப்பேர் பார்த்தாலும் சுட முடியாத துப்பாக்கிக்கு மட்டுமே. உங்களுடையதில் குழல் நன்றாக இருந்தால், சின்ன உதிரி ஒன்றை மாற்றினாலே வெடிக்கலாம். நிபுணர் அப்படி அறிக்கை கொடுத்தால், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு.

வழக்கோடு வருபவர்கள் மாட்டிக்கொள்வது அந்த ‘சுத்தம் செய்வதில்’தான். துரு போக்கி, விசையை இழுத்துப் பார்த்து, ‘வேலை செய்யுது சார்’ என்று கொடுப்பார்கள். உங்களுக்கு இருந்த ஒரே எதிர்வாதமும் அத்தோடு போச்சு. லைசென்ஸ் இல்லாத ரிப்பேரும் விற்பனையும் 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை போகும் குற்றம். அப்புறம் பயணம். கர்நாடக எல்லையில் அத்திப்பள்ளி சோதனைச் சாவடியில், பையில் இருப்பது வரலாறு என்று சொல்லிப் பாருங்கள்! நாட்டுத் துப்பாக்கி வேட்டைக்குப் பேர்போன நம் பக்கத்தில் எந்த அதிகாரியும் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார். வெளிநாட்டில் விற்கும் யோசனையும் வேண்டாம். நூறாண்டு தாண்டியிருந்தால் 1972 தொல்பொருள் சட்டம் வேறு வரும்.

தாத்தாவின் லைசென்ஸ் புத்தகத்தைத் தேடுங்கள். அதில் உள்ள விவரம் துப்பாக்கியோடு பொருந்துகிறதா பாருங்கள். முத்திரைகளைப் படமெடுங்கள், வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாமல். வழக்கறிஞர் மூலம் பிரிவு 21-ன்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். காலதாமதத்துக்கு விளக்கம் மனுவிலேயே இருக்கட்டும். ஒப்படைத்துவிட்டுச் சும்மா இருந்தாலும் கெடு முடிந்ததும் அரசுடைமை ஆகிவிடும். ஆகவே கையோடு கலெக்டரிடம் வாரிசு லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். விலை விசாரிப்பதெல்லாம் லைசென்ஸ் கைக்கு வந்தபிறகு.

அந்த விண்ணப்பத்துக்கு மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் வேண்டும். அதாவது அண்ணனின் கையெழுத்து. அவர் போலீஸுக்குச் சொன்னால் மாட்டப்போவதும் அவரல்ல, பரணுக்குச் சாவி வைத்திருக்கும் நீங்கள்தான். இந்த வாரமே போய்ப் பேசுங்கள். பாதி கேட்டால் பாதி என்று எழுதிக்கொடுங்கள். முழுதும் கேட்டால், அவர் பெயரிலேயே லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கட்டும். ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் கையெழுத்துப் போடுங்கள்.