மண்டையோட்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: கேள்வி பதில்

வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிப்பவர் பண்டாரவளையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்.

உயர்தர மாணவி, ஹட்டன்: ஐயா, உடலெலும்பு ஏதுமின்றி மண்டையோட்டை மட்டும் வைத்து, அந்த உயிர் நிமிர்ந்து நடந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மகள், மண்டையோட்டைக் கவிழ்க்க வேண்டும். மூளையிலிருந்து முதுகெலும்புக்குள் இறங்கும் நரம்புத் தண்டான முண்ணாண் நுழையும் பெருந்துளை சிம்பன்சியில் பின்புறம் ஒதுங்கியிருக்கும். நமக்கு அடியின் நடுவையொட்டிக் கீழ்நோக்கியிருக்கும். விறகுக்கட்டை உச்சந்தலையில் சமன்செய்தவர் கையை விட்டும் நடப்பார். கொழுந்துக்கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டியவருக்குக் கழுத்து இழுபடும். தலை முதுகெலும்பின்மேல் அமர்வதற்கும் அதன் முன்னே தொங்குவதற்கும் உள்ள வேறுபாடு அத்தகையது. 1924இல் தென்னாபிரிக்காவின் டாங் சுண்ணக்கல் அகழ்விடத்தில் கிடைத்த குழந்தை மண்டையோட்டில், நிரந்தரக் கடைவாய்ப்பற்களில் முதலாவது அப்போதுதான் முளைத்திருந்தது. மூளை மனிதக்குரங்கின் அளவே. துளையோ முன்னே இருந்தது; நிமிர்ந்து நடந்ததற்கு அதுவே சான்று. உடற்கூற்றியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட் 1925இல் அதற்கு ஒஸ்ரலோபித்தேக்கஸ் ஆப்பிரிக்கானஸ் எனப் பெயரிட்டபோது இங்கிலாந்தின் அறிஞர் பலர் ஏற்கவில்லை. பெரிய மூளையும் குரங்குத் தாடையும் கொண்ட பில்ட்டவுன் மனிதன் 1912 முதல் அவர்கள் மனத்தில் குடியிருந்தான். பல்லை அராவிச் சாயமேற்றிய ஒராங்குட்டான் தாடையை மனித மண்டையோட்டுடன் சேர்த்த மோசடி அது என்பது 1953இல்தான் வெளிப்பட்டது. மூளையின் அளவை முதலில் பார்க்காதீர்கள்.

வாசகர், தலவாக்கலை: குரங்கிலிருந்து மனிதன் வந்தானென்றால் குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன?

இன்றைய குரங்கிலிருந்து யாரும் வரவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதையிலிருந்து இரண்டு கிளைகள் பிரிந்தன; ஒரு கிளை வளர்ந்ததால் மற்றது பட்டுப்போக வேண்டியதில்லை.

தோட்ட உத்தியோகத்தர், ஹப்புத்தளை: தேயிலை மலையில் கான் வெட்டும்போது ஆதிமனித எலும்பு கிடைக்குமா?

அமில மண்ணும் அடைமழையும் எலும்பைக் கரைத்துவிடும். படிகக்கல்லில் செய்த சிறு கருவிகள் கிடைக்கலாம். பண்டாரவளைக் குன்றுகளில் கிடைத்துள்ளன. கண்டால் கழுவாதீர்கள், இடம் மாற்றாதீர்கள், தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

வாசகர், பதுளை: ஹோமோ சேப்பியன்ஸ் பலாங்கொடென்சிஸ் என்று பெயரே இருக்கும்போது, நம் நாட்டின் கற்காலப் பலாங்கொடை மனிதன் தனி இனம்தானே?

அல்ல. தொல்லுயிரியலாளர் பி.ஈ.பி. தெரணியகல அவர்கள் சூட்டிய அப்பெயரிலேயே நம் இனத்தின் பெயரான ஹோமோ சேப்பியன்ஸ் இருக்கிறது. புருவமேடு தடித்தும் பற்கள் பெரிதாயும் இருந்தாலும் அவர்கள் நம்மைப் போன்ற மனிதரே. மழைபடாத கற்குகைகளான பெலிலென, பட்டதொம்பலென, பாஹியங்கல ஆகியவை அவர்களின் எலும்புகளைக் காத்தன. பாஹியங்கலவில் ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் குரங்கையும் அணிலையும் வேட்டையாடித் தின்றிருக்கிறார்கள்.

அதே வாசகர்: மழுப்புகிறீர்கள். அவர்கள் தமிழரின் முன்னோரா, சிங்களவரின் முன்னோரா?

தமிழும் சிங்களமும் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவரின் பல்லில் மொழி எழுதப்பட்டிருப்பதில்லை. இதே கேள்வி வேறு ஐந்து பேரிடமிருந்தும் வந்திருக்கிறது. ஐவருக்கும் இதுவே பதில். நம் காணித் தகராறுக்கு அந்த எலும்புகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

வாசகி, நுவரெலியா: மூளை பெரிதானால் அறிவும் கூடுமா?

அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அழிந்துபோன நியண்டர்தால் மனிதரின் மூளை நம்முடையதற்குக் குறைந்ததன்று. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் 2003இல் எலும்பாகக் கிடைத்த ஆதிமனிதரின் மூளையோ ஏறத்தாழ 400 கன சென்ரிமீற்றர்தான்.

வாசகர், கண்டி: குரங்கிலிருந்து மனிதன் வந்தானென்றால்...

தலவாக்கலை அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாசகர், வெலிமடை: தாத்தா அலமாரியில் வைத்துவிட்டுப் போன மண்டையோட்டின் படத்தை அனுப்பியுள்ளேன். ஆதிமனிதனா?

கோரைப்பல்லின் நீளத்தைப் பார்த்தால் நம் மலைக்காட்டுக் கறுங்குரங்கு போலிருக்கிறது. ஆனால், பக்கவாட்டிலிருந்து மட்டும் படமெடுத்திருக்கிறீர்கள். கவிழ்த்து இன்னொன்று எடுத்து அனுப்புங்கள்.