வேலைக்கு வைக்கப்போகிற ஆள் மீது குற்ற வழக்கு உண்டா என்று இணையத்தில் நாமே தேடிப் பார்க்கலாமா?

கோத்தகிரிப் பக்கம் வாங்கிப் போட்ட வீட்டுக்குக் காவலாள் வைக்கப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். சமவெளியில் இருந்துகொண்டு மாதம் ஒருமுறை வந்து போகிறவர் என்று நினைக்கிறேன். உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் அப்படித் தேடப்பட்டு வேலை இழந்தவன் நான். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

தேடலாம், செலவில்லை. நீதிமன்ற வழக்கு விவரங்களைக் காட்டும் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், பெயர், வழக்கு பதிவான ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்தால் பட்டியல் வரும். ஒவ்வொரு வளாகத்தையும் ஒவ்வோர் ஆண்டையும் தனித்தனியாகப் போட வேண்டும். கோத்தகிரியில் தேடினால் குன்னூர் வழக்கு வராது. மேட்டுப்பாளையத்து வழக்கு கோவை மாவட்டத்துக்குள் கிடக்கும். முதல் தகவல் அறிக்கைகளை 24 மணி நேரத்துக்குள் காவல்துறைத் தளத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. ஆக, எதை நினைத்து அதிகம் பயப்படுகிறீர்களோ அது அங்கே கண்ணில் படாது.

இனி என் கதை. எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. 2017இல் பச்சைத் தேயிலை கிலோ 12 ரூபாய்க்கு இறங்கியபோது மேட்டுப்பாளையம் சாலையில் பதினைந்து பேர் உட்கார்ந்தோம். ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டோம், அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது நோயாளிக் கணக்கோடு சண்டைக்கு வருவீர்கள். காவலர் பெயர் எழுதத் தொடங்கியபோது பக்கத்தில் நின்றவன் நான். அதனால் முதல் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆள், நானானேன். சட்டவிரோதமாகக் கூடியதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 143ஆம் பிரிவு, வழிமறித்ததற்கு 341. இரண்டு ஆண்டுகள் வாய்தாவுக்கு வாய்தா நடந்தேன். சாட்சி சொல்ல ஆளில்லை, விடுதலை.

பிறகு ஒரு பெங்களூருக்காரர் தன் பங்களாவுக்கு மேற்பார்வையாளர் வேலைக்கு என்னைக் கேட்டார். சம்பளம் பேசி, சாவிக்கொத்தையும் கையில் கொடுத்தார். நான்காம் நாள் வரச்சொல்லி, எதுவும் பேசாமல் கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். இரண்டு வரிகள். முதல் வரியில் காவல் ஆய்வாளர் எதிர் என் பெயர், மற்றும் 14 பேர். பக்கத்தில் 'முடிவுற்றது' என்று இருந்தது. முடிவுற்றது என்றால் தண்டனையா, விடுதலையா? இன்னொரு முறை தொட்டால் அதுவும் தெரியும். அவர் தொடவில்லை. 143 என்பது கூட்டம் கூடியதா, கொள்ளையடித்ததா என்றும் அவருக்குத் தெரியாது. (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் பிரிவு எண்களே மாறிவிட்டன. இனி உங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் குழப்பம்.)

இரண்டாவது வரி 379, திருட்டு. அது நானே அல்ல. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற ஊர் எங்களுடையது. எங்கள் ஹட்டியிலேயே, அதாவது எங்கள் சிற்றூரிலேயே, என் பெயரில் மூன்று பேர். அப்பா பெயர் வேறு, முகவரி வேறு என்று ஆதார் அட்டையைக் காட்டினேன். தவறாக நினைக்க வேண்டாம் என்று சொல்லிச் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். என் வீட்டுக்கு ஆள் வைத்தால் நானும்தான் விசாரிப்பேன். ஆனால் விடுதலையானவன் பெயர் எத்தனை ஆண்டுகள் அங்கே கிடக்க வேண்டும்? வக்கீலிடம் கேட்டேன். விடுதலையானவரின் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்க இப்போது சட்டமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னதாம். 2024 பிப்ரவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மறைக்கச் சொன்னார்களாம். ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டுவிட்டதாம். வக்கீல் இதைச் சொல்லி முடித்து ஃபீஸும் வாங்கிக்கொண்டார்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டேன், மறியல் எதற்கு என்பதை. பறித்த இலையை அன்றே தொழிற்சாலைக்கு அனுப்பியாக வேண்டும், வைத்திருந்தால் வாடிவிடும். என்ன விலைக்கு விற்றோம் என்பது மாதம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். கத்தரிக்காய் விற்கிறவர்கூட விலை சொல்லிவிட்டுத்தான் தராசைத் தூக்குகிறார். இதைக் கேட்டு உட்கார்ந்ததற்குத்தான் அந்த முதல் வரி.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வீட்டுப் பணியாளரைச் சரிபார்த்துத் தரும் சேவை தமிழ்நாடு காவல்துறைத் தளத்திலேயே இருக்கிறது. கட்டணம் கட்டி முகவரியோடு விண்ணப்பியுங்கள். நீங்களே தேடினால் ஆளை எதிரில் உட்காரவைத்து, அப்பா பெயரைக் கேட்டுக்கொண்டு தேடுங்கள். கூடவே கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள். இங்கே எண்ணெய் வாசனைக்குச் சமையலறைக் கதவை உடைப்பது கரடி. அதன் பெயரில் எந்த வளாகத்திலும் வழக்கு இல்லை.

அந்த பங்களாவுக்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டார். நல்ல மனிதர், எனக்கு வேண்டியவர்தான். மறியலில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவர் முதல் பெயரை மட்டும் அடித்துவிட்டதால், அவர் அந்த 14 பேருக்குள் இருக்கிறார்.